சொல்லற்ற இசையும் நமது செவியும்: சிம்பொனி கேட்கத் தொடங்குவோர்க்கு

'சிம்பொனி' என்னும் சொல் இன்று தமிழ்நாட்டில் பாமரர் நாவிலும் வழங்குகின்றது. 2005-ஆம் ஆண்டில் இளையராஜா அவர்கள் மாணிக்கவாசகரின் திருவாசகப் பாடல்கள் சிலவற்றிற்கு இசையமைத்து, புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவைக் கொண்டு இசைத்தட்டாக வெளியிட்டபொழுது அச்சொல் வீடுதோறும் புகுந்தது. 2025-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் இலண்டன் மாநகரில் அவருடைய முதலாம் சிம்பொனியாகிய 'வேலியண்ட்', ராயல் பில்ஹார்மானிக் கான்சர்ட் இசைக்குழுவினரால், மைக்கேல் டாம்ஸ் என்பாரின் நெறியாள்கையில் அரங்கேறியது. பண்ணைப்புரத்தில் பிறந்த ஒருவர் எட்டிய உயரத்தை நாடே கொண்டாடியது. ஆயினும், சொல் பரவிய அளவிற்குப் பொருள் பரவிற்றென்று கூறுவதற்கில்லை. வயலின்கள் பல ஒருங்கே முழங்கினால் அது சிம்பொனி என்பதே நம்மிடையே உள்ள பொதுவான எண்ணம்.

நமது பிரசங்கபீடங்களும் இதற்கு விலக்கல்ல. கருவிகள் பல, நெறியாளர் ஒருவர், எழும் இசை ஒன்று; அவ்வாறே அவயவங்கள் பல, சரீரம் ஒன்று என்று நாம் விளக்குவது வழக்கம். உவமை நல்லதே. ஆனால் அதனைக் கையாளும் நம்முள் எத்தனை பேர் ஒரு சிம்பொனியையேனும் தொடக்கம் முதல் இறுதிவரை கேட்டிருக்கிறோம் என்பது வேறு கேள்வி. கேளாத இசையை உவமையாக்குவது, காணாத ஊருக்கு வழி சொல்வதைப் போன்றது.

இறையியல் மாணவர்க்கும் ஆயர்களுக்கும் இவ்விசையை எளிய முறையில் அறிமுகம் செய்வது இக்கட்டுரையின் நோக்கம். இதனைக் கேட்பதில் நமக்குள்ள தடை, இது மேனாட்டு இசை என்பதன்று. இது சொல்லற்ற இசை என்பதே. தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகள் பெரும்பாலும் சொல்லோடு கூடிய இசையையே அறிந்தவை. அது நேர்ந்ததற்கு வரலாற்றுக் காரணங்கள் உள்ளன. அவற்றையும் சிறிது காண்போம்.

முதலில் திருவாசக இசைத்தட்டையே எடுத்துக்கொள்வோம். அது நமக்கு அந்நியமான பொருளன்று. சாயர்புரத்தில் கல்விக்கூடம் அமைத்து நெல்லை நாட்டில் ஊழியஞ்செய்த ஜி. யு. போப் ஐயர், திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1900-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் வெளியிட்டார். நூற்றைந்து ஆண்டு கழித்து இவ்விசைத்தட்டை வெளிக்கொணர்ந்த 'தமிழ் மையம்' அமைப்பை நடத்தியவரும் ஒரு கத்தோலிக்கக் குருவாகிய ஜெகத் கஸ்பர் ராஜ் அவர்களே. சைவத் திருமுறையொன்று மேலைக் கரையைத் தொட்ட இருமுறையும் கிறிஸ்தவக் குரு ஒருவர் துணைநின்றமை சமய உரையாடலில் ஈடுபாடுடையோர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அவ்விசைத்தட்டில் ஆறு பாடல்கள் உள்ளன. திருக்கோத்தும்பி, சிவபுராணம், யாத்திரைப்பத்து, பிடித்தபத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து ஆகிய பகுதிகளினின்று அவை எடுக்கப்பட்டன. சிவபுராணப் பகுதியில் அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகளும் இடையிடையே கலந்து வருகின்றன. அதனைக் கூர்ந்து கேட்பவர் ஒன்றைக் காண்பர். அங்கே அத்தனை கருவிகளும் மணிவாசகரின் சொல்லுக்கு ஏவல் செய்கின்றன. சொல் அஞ்சும்போது கருவியும் அஞ்சுகின்றது. சொல் உருகும்போது கருவியும் உருகுகின்றது. இது குறையன்று, இத்தகைய படைப்பின் இலக்கணமே இதுதான். மேனாட்டார் இவ்வகையை ஆரட்டோரியோ என்பர். 1742-இல் டப்ளின் நகரில் அரங்கேறிய ஹேண்டலின் 'மெசாயா', 1798-இல் வெளிவந்த ஹைடனின் 'படைப்பு', 1846-இல் பர்மிங்காமில் இசைக்கப்பெற்ற மெண்டல்சோனின் 'எலியா' யாவும் இவ்வகையின. ஆகவே, திருவாசக இசைத்தட்டினை உயர்ந்த ஆரட்டோரியோ எனலாம். சிம்பொனி எனல் பொருந்தாது.

சிம்பொனி என்பது கருவிகள் மட்டுமே கூடிப் பேசும் நெடும் படைப்பு. பெரும்பாலும் நான்கு பகுதிகளை உடையது. மனிதக் குரலுக்கு அதில் வழக்கமாக இடமில்லை. 1824-இல் பேத்தோவன் தமது ஒன்பதாம் சிம்பொனியின் இறுதிப் பகுதியில் பாடகர் குழுவைப் புகுத்தியபோது அது பெரும் புதுமையாகக் கருதப்பட்டதே இதற்குச் சான்று. இளையராஜா அவர்களின் பயணத்தை இவ்வகையில் பார்த்தல் நலம். 2005-இல் சொல்லைச் சார்ந்து நின்றவர், 2025-இல் சொல்லை விட்டுப் பல்லியத்தை மட்டுமே நம்பி நின்றார். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவு எத்தகையது என்பதை உணர்ந்தால் சிம்பொனியின் வாயிலை நாம் கண்டுகொண்டோம் எனலாம்.

பாதியாக வந்த இசை

ஜெர்மனியில் ஹாலே என்னும் நகரம் தமிழ்த் திருச்சபை மறக்கவொண்ணாதது. பிராங்கே அவர்களின் அறநிலையங்கள் அங்கிருந்தன. தரங்கம்பாடி மிஷனுக்கு ஊழியரும் அச்செழுத்தும் பொருளும் அங்கிருந்தே வந்தன. அதே ஹாலே நகரில்தான் 1685-இல் ஹேண்டல் பிறந்தார். 1702-இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்த அவர் அடுத்த ஆண்டே ஹாம்பர்க் நகர நாடக அரங்கிற்குச் சென்றுவிட்டார். அப்பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் பயின்ற சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார். ஒரே ஊரிலிருந்து புறப்பட்ட இரண்டு வழிகள். ஹாலேயின் பக்தி இயக்கத்தார் ஆரவாரமான ஆலய இசையை ஐயத்தோடு நோக்கியவர்கள். உள்ளத்தை உருக்கும் எளிய பாட்டே போதும் என்பது அவர்கள் கொள்கை. எனவே, லுத்தரன் மிஷனெரிகள் ஜெர்மானிய ஞானப்பாட்டுகளை மெட்டு மாறாமல் தமிழாக்கித் தந்தனர். பப்ரிஷியஸ் அவற்றைச் செம்மை செய்தார். பாக் என்னும் பேரிசையாளர் லைப்சிக் ஆலயத்தில் கருவிகளையும் குரல்களையும் கோத்துக் கான்டாட்டாக்களை எழுதிக் குவித்த அக்காலத்திலேயே, அவருடைய சபையினர் பாடிய மெட்டுகள் தரங்கம்பாடியிலும் ஒலித்தன. மெட்டு வந்தது, அதனைச் சூழ்ந்திருந்த பல்லியம் வரவில்லை.

வராமலே போயிற்று என்பதும் முழு உண்மையன்று. அது வேறு வாயில்களில் நுழைந்தது. சுவார்ட்ஸ் ஐயரிடம் கல்வி கற்ற இரண்டாம் சரபோஜி மன்னர் தஞ்சை அரண்மனையில் மேனாட்டு வாத்தியக் குழுவொன்றை வைத்திருந்தார். பாலுஸ்வாமி தீட்சிதர் வயலினைக் கற்றுக் கருநாடக இசைக்கு உரியதாக்கினார். அவர் தமையனார் முத்துஸ்வாமி தீட்சிதர், கும்பினிப் படையின் பாண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் அவற்றைச் சிறுவர்க்குப் பயிற்றுகின்றனர். அதே சுவார்ட்ஸ் ஐயரின் மாணவரும் பாளையங்கோட்டையில் பிறந்தவருமான வேதநாயக சாஸ்திரியாரோ, தமிழ்ப் பண்ணிலும் சிந்திலும் கிறிஸ்துவைப் பாடினார். இவ்வாறு மேலையிசையின் கருவிப் பாதியை அரண்மனையும் சங்கீத மேடையும் எடுத்துக்கொள்ள, சொற்பாதி சபைக்கு வாய்த்தது.

நம் நாட்டு இசையிலும் இதுவே நிகழ்ந்தது. சங்கரன்கோவிலில் ஆடித் தபசு நாளில் கூடுவோர் நாகசுர ஆலாபனையை நின்று கேட்கின்றனர். அதில் சொல் இல்லை. கொட்டும் மெட்டும் அன்றி வேறில்லை. காருகுறிச்சி அருணாசலம் அவர்கள் (1921–1964) ஓர் இராகத்தை விரித்து வாசித்தபோது நெல்லைச் சீமையில் அதனைக் கேட்டு நின்றவர்கள் பொருள் என்னவென்று வினவவில்லை. கிறிஸ்தவரான நம் முன்னோர் கீர்த்தனையைக் கொண்டனர். காவடிச்சிந்தின் நடையையும் கொண்டனர். நாகசுரத்தைக் கோவிலிலேயே விட்டு வந்தனர். மணவூர்வலத்தில் மேளம் உண்டு. ஆலயத்தின் உள்ளே பெரும்பாலும் அதற்கு இடமில்லை. ஆக, மேற்கிலிருந்தும் பாதி, மண்ணிலிருந்தும் பாதி. அவ்விரு பாதிகளும் சொல்லுடைய பாதிகளே. இவ்விடத்தில் தென்காசிப் பகுதியைச் சேர்ந்த சாம்பவர்வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதரை நினைவுகூராதிருத்தல் கூடாது. 1917-இல் வெளிவந்த 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலில் அவர் ஆராய்ந்தது பாட்டின் சொல்லையன்று, சுருதியை. கிறிஸ்தவரான அவர் இசையின் அணுவை இறைவனின் படைப்பொழுங்காகக் கண்டு ஆராய்ந்தார். இசை உலகம் அவரை அறிந்திருக்கும் அளவிற்கு நமது இறையியல் வகுப்பறைகள் அறிந்திருக்கின்றனவா என்பது ஐயமே.

இன்றைய தென்காசி மாவட்டத்து மேலநீலிதநல்லூரில், பாடகர் குழுவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வினவியது இங்கே பொருந்தும்: "வார்த்தையே இல்லாத பாட்டைக் கேட்டு ஆத்துமாவுக்கு என்ன பிரயோசனம், ஐயா?" அறியாமையால் எழுந்த கேள்வியன்று அது; நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட சீர்திருத்தச் சபையின் கேள்வி.

சொல்லும் ஒலியும்

சூரிக் நகரத்துச் சீர்திருத்தவாதி ஸ்விங்லி பல கருவிகளை வாசிக்க வல்லவர். எனினும் ஆராதனையில் இசையே வேண்டாவென்று நீக்கினார். 1527-இல் அந்நகரப் பேராலயத்து ஆர்கன் உடைக்கப்பட்டது. கால்வின் சங்கீதங்களைக் கருவியின்றி ஒரே குரலில் பாட இசைந்தார். லூத்தரோ இறையியலுக்கு அடுத்த இடத்தை இசைக்கு அளித்தார். மூவரும் திருவசனத்தின் மேன்மையைக் காக்கவே முயன்றனர் என்பதை மறத்தல் ஆகாது. ஒலி இனிமையில் மயங்கி வசனத்தைக் கைவிடுவோமோ என்னும் அச்சத்தில் உண்மை உண்டு.

வேதாகமமும் இப்பொருளில் ஒரு பக்கம் சாயவில்லை. குழலோ சுரமண்டலமோ தொனியை வேறுபடுத்திக் காட்டாவிடில் வாசிக்கப்படுவது எதுவென்று எவ்வாறு அறியலாகும் எனப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்தில் கேட்கிறார். ஆனால் இரண்டாம் இராஜாக்கள் 3-ஆம் அதிகாரத்தில் எலிசா தீர்க்கதரிசனம் உரைக்குமுன் சுரமண்டல வாத்தியக்காரனை அழைத்து வரச் சொல்கிறார். அவன் வாசிக்கையில் கர்த்தருடைய கரம் எலிசாவின்மேல் இறங்குகின்றது. அவன் என்ன பாடினான் என்று ஆசிரியர் கூறவில்லை. வாசித்தான் என்று மட்டுமே கூறுகிறார். சவுலின்முன் தாவீது வாசித்ததும் அத்தகையதே. வசனம் வருமுன் செவியைத் திறந்து வைக்கும் பணி அங்கே ஒலிக்கு வழங்கப்பட்டது.

கால்வினின் வழிவந்த கார்ல் பார்த், நாள்தோறும் காலையில் மோட்சார்ட்டின் இசையைக் கேட்டபின்னரே தமது இறையியல் பணியைத் தொடங்கினார் என்பது பலர் அறிந்த செய்தி. தமது 'திருச்சபைக் கோட்பாட்டியல்' நூலில் படைப்பைப் பற்றிய பகுதியிலேயே அவர் மோட்சார்ட்டைப் பேசுகிறார். இயற்கை இறையியலைக் கடுமையாக மறுத்த அவர், ஓர் இசையாளனைப் படைப்பின் நன்மைக்குச் சாட்சியாக நிறுத்தினார். இம்முரணைப் பலர் பலவாறு விளக்குவர். வசனத்தை எவரினும் மிகுதியாக வலியுறுத்தியவருக்கே வசனமற்ற இசை இன்றியமையாததாக இருந்தது; நாளெல்லாம் பேசும் தொழிலுடைய நமக்கும் அவ்வாறு இருக்கலாம்.

கேட்கும் முறை

பழந்தமிழர் பல கருவிகளின் கூட்டொலியைப் பல்லியம் என்றனர். தோல், துளை, நரம்பு, கஞ்சம் எனக் கருவிகளை வகுத்தனர். சிம்பொனிப் பல்லியமும் ஏறத்தாழ இவ்வாறே அமைந்தது. வயலின், வியோலா, செல்லோ, டபிள் பாஸ் ஆகிய நரம்புக் கருவிகளே அதன் உடல். துளைக்கருவிகள் இருவகை: புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன் ஆகியவை ஒன்று, கொம்பு, டிரம்பெட், டிரம்போன் ஆகிய பித்தளைக் கருவிகள் மற்றொன்று. தோற்கருவிகளில் டிம்பனி முதன்மையானது. நம் தவிலைப் போல ஓயாது பேசுவதன்று. பேசவேண்டிய இடத்தில் மட்டும் பேசும். முதன்முறை கேட்பவர் எல்லாவற்றையும் ஒருங்கே பற்ற முயலவேண்டாம். ஒரு கருவியைப் பின்தொடர்ந்தாலே போதும்.

நம் செவிக்குப் புதிதாகத் தோன்றுவன இரண்டு. கருநாடக இசையில் தம்புராவின் ஆதார சட்சம் அசையாது. இராகம் அதன்மேல் உலவும். சிம்பொனியிலோ அந்த ஆதாரமே இடம்பெயரும். சுருதிபேதம் செய்து வாசிக்கும் வித்துவான் சிறிது நேரம் காட்டி மீளும் வித்தையை, இங்கே ஒரு பகுதி முழுவதும் நிகழும் பயணமாகக் கொள்ளலாம். தொடங்கிய சுருதியை விட்டு நீங்கும் இசை, அலைந்து, மீண்டும் அங்கேயே வந்து சேரும். நம் கீர்த்தனையில் ஒவ்வொரு சரணத்திற்குப் பின்னும் பல்லவி மாறாமல் மீள்கிறது. சிம்பொனியின் முதற்பகுதியில் மீண்டு வரும் கரு, தூர தேசம் போய்வந்த இளைய குமாரனைப் போன்றது. அதே முகம், ஆனால் முன்னிருந்தவனல்லன். உவமை இங்கே நிற்க.

இரண்டாவது, ஒரே வேளையில் பல பண்கள் ஒலிப்பது. இது நமக்கு அவ்வளவு புதிதன்று. சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என நாற்குரலில் ஞானப்பாட்டைப் பாடிப் பழகிய சபைகள் நெல்லை நாட்டில் பல. டானிக் சால்ஃபா முறையில் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு பாஸ் குரல் பாடிய விவசாயிகளும் ஆசிரியர்களும் அங்கிருந்தனர். தன் குரலைத் தான் காத்துக்கொண்டே மற்ற மூன்றையும் செவிமடுப்பதே சிம்பொனி கேட்பதற்கான முழுப் பயிற்சி. இத்தகைய செவி தமிழ்நாட்டில் வேறெந்தச் சமூகத்திற்கும் இத்துணை பரவலாக வாய்க்கவில்லை. இன்று அது தேய்ந்து வருகின்றது. விசையை அழுத்தினால் தாளத்தையும் சுரக்கூட்டையும் தானே தரும் கீபோர்டு வந்தபின், நான்கு குரலும் ஒன்றாகி ஒரே மெட்டை உரத்துப் பாடுகின்றன. மேனாட்டு மெட்டுகளை நீக்கி மண்ணின் இசையைப் பேணவேண்டும் என்று நமது இறையியற் கூடங்களில் எழுந்த குரல் நியாயமானதே. ஆனால் நாற்குரல் ஒழிந்த இடத்தில் இப்போது அமர்ந்திருப்பது மண்ணின் இசையன்று, இயந்திரத் தாளம்.

ஒரு வாயில்

கேட்கத் தொடங்கும் ஆயருக்கு எந்தச் சிம்பொனியைக் கையில் கொடுப்பது? பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியையே பலரும் கூறுவர். நான் மெண்டல்சோனின் ஐந்தாவதைப் பரிந்துரைக்கிறேன். 'சீர்திருத்தச் சிம்பொனி' என்று அது பெயர்பெற்றது. 1530-ஆம் ஆண்டு ஜூன் 25-இல் அறிக்கையிடப்பட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் முந்நூறாம் ஆண்டு விழாவினை எண்ணி எழுதப்பட்டது. யூதக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதில் ஞானஸ்நானம் பெற்ற மெண்டல்சோன், இருபத்தோராம் வயதில் அதனை முடித்தார். ஆயினும் நோயுற்றமையால் விழாவிற்கு அது உதவவில்லை. 1832-இல் பாரிஸ் நகர இசைக்குழுவினர் ஒத்திகை பார்த்துவிட்டு, புலமை மிகுதி, இனிமை குறைவு என்று கைவிட்டனர். அவ்வாண்டு நவம்பரில் பெர்லினில் அரங்கேறியது. பின்னர் அவரே அதனை வெறுத்து ஒதுக்கினார். 1847-இல் அவர் மறைந்தார். 1868-இல்தான் அது அச்சேறியது. காலத்தால் முந்தியதாயினும் ஐந்தாம் எண் பெற்றது இதனாலேயே.

இதனைத் தேர்ந்ததற்குக் காரணம், இதன் இறுதிப் பகுதியின் கரு நமக்குத் தெரிந்த பாட்டு. 46-ஆம் சங்கீதத்தைத் தழுவி லூத்தர் பாடிய, தேவனை அரணான கோட்டையாகப் போற்றும் அப்பாட்டு நம் ஞானப்பாட்டு நூலிலும் உள்ளது. சொல்லோடு பாடி மனத்தில் ஊறிய மெட்டு, சொல்லை உதறிவிட்டு நிற்பதை இங்கே கேட்கலாம். அந்நிலையில் நம் நா தானாகவே சொற்களை முணுமுணுக்கும். அதனை அடக்கிக்கொண்டு கேட்கவேண்டும். கடினம்தான்.

முதற்பகுதி மெதுவாகத் தொடங்குகின்றது. கொம்பும் குழலும் அறைகூவுவதுபோல் ஒலிக்க, திடீரென்று நரம்புக் கருவிகள் மட்டும் மிக மெல்லிய ஓசையில் படிப்படியாக மேலேறும் ஒரு சிற்றிசையை வாசிக்கின்றன. 'டிரெஸ்டன் ஆமென்' என்பது அதன் பெயர். சாக்சனி நாட்டில் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் தத்தம் ஆலயங்களில் பாடிய ஆமென் அது. பின்னர் வேகமும் சீற்றமும் மிக்க பெரும்போர் எழுகின்றது. அப்போர் உச்சிக்கு ஏறி, தொடங்கிய இடத்திற்கு முழக்கத்தோடு மீளும் என நாம் எதிர்பார்க்கும் நேரத்தில், எல்லாம் நின்றுபோகின்றது. மீண்டும் அந்த ஆமென், முன்போலவே மெல்லிதாக. அதன்பின் வரும் போரின் கரு தன் சீற்றத்தை இழந்து, தாழ்ந்த குரலில் பேசுகின்றது. சிம்பொனி முழுவதிலும் மிகச் சிறந்த இடம் இதுவே. சபைப் பிரிவினையின் நினைவுவிழாவிற்கு எழுதப்பட்ட படைப்பின் நடுவில் இரு சபைகளுக்கும் பொதுவான ஆமென் வந்து வாதத்தை நிறுத்துவதை, எந்த விளக்கவுரையும் இவ்வளவு சுருங்கச் சொல்லிவிட முடியாது.

இரண்டாம் பகுதி துள்ளல் நடையுடையது. நடுவில் ஓபோக்கள் கைகோத்துப் பாடும் இடம் இனியது. மூன்றாம் பகுதி சில நிமிடங்களே. வயலின் ஒரு தனிமொழி பேசுவதுபோல் ஏங்கி அடங்கும். நாகசுர விருத்தம் கேட்டுப் பழகியவர்க்கு இது உடனே பிடிபடும். அவ்வேக்கம் அடங்கியபின் ஒற்றைப் புல்லாங்குழல், துணையேதுமின்றி, லூத்தரின் பாட்டைத் தொடங்குகின்றது. வீரப்பாட்டு என்று நாம் அறிந்த மெட்டு இங்கே ஒரு மேய்ப்பன் தனக்குத்தானே ஊதிக்கொள்வதுபோல் வருகின்றது. ஒவ்வொரு துளைக்கருவியாக வந்து சேர்கின்றன. பின்னர்ப் பல்லியம் முழுவதும் அதனை எடுத்து, அடிகளைப் பிரித்து, ஒன்றையொன்று துரத்தவிட்டு, முடிவில் உச்ச ஒலியில் முழங்கி நிறைவு செய்கின்றது.

அம்முடிவு எனக்கு நிறைவளிப்பதன்று. குழலில் தொடங்கிய பணிவு, பித்தளையின் வெற்றி முழக்கத்தில் காணாமற்போகின்றது. முதற்பகுதியில் ஆமெனைக்கொண்டு போரை நிறுத்தியவர், இறுதியில் ஒரு சபையின் கொடியை ஏற்றிவிட்டாரோ என்று தோன்றும். ஆயினும் இவ்வாறு சொல்லும்போதே ஓர் எச்சரிக்கை வேண்டும். போர், கொடி, பணிவு என்பனவெல்லாம் நாம் கொண்டுசென்ற சொற்கள். இசையில் உள்ளவை ஒலியும் அமைதியும் வேகமும் திரும்பலுமே. பிரசங்கிகளாகிய நாம் எதனைக் கேட்டாலும் மூன்று தலைப்புகளாகப் பகுத்துப் பொருளுரைக்கும் பழக்கமுடையோம். டிம்பனி என்றால் நியாயத்தீர்ப்பு, புல்லாங்குழல் என்றால் பரிசுத்த ஆவி என்று பட்டியலிட்டால் நாம் கேட்பது நமது பிரசங்கத்தையே. முதன்முறை எதனையும் எழுதாமல், எவரிடமும் விளக்காமல் கேட்பது நலம்.

இந்தத் தொல்லையினால்தான் இச்சிம்பொனி வாயில் மட்டுமே என்கிறேன். தெரிந்த பாட்டு அங்கே கைப்பிடியாக உள்ளது. அடுத்துக் கைப்பிடி இல்லாதவற்றிற்குச் செல்லவேண்டும். நூற்றுநான்கு எண்ணிட்ட சிம்பொனிகளை எழுதிய ஹைடனிடம் நகைச்சுவை மிகுதி. 'கடிகாரம்' எனப்படும் 101-ஆவதன் இரண்டாம் பகுதியில் பசூனும் விரலால் மீட்டப்படும் நரம்புகளும் கடிகார ஓசை எழுப்ப, அதன்மேல் எளிய பண்ணொன்று நடைபோடும், குழந்தைகளும் கேட்பர். அதன்பின் மோட்சார்ட் 1788-இல் எழுதிய நாற்பதாவது. அதில் துயரம் உண்டென்பர். எதன் துயரம் என்று ஒருவராலும் கூறமுடியாது. பேத்தோவனை அதற்குப் பிறகே வைத்துக்கொள்ளலாம்.

நேரில் கேட்கும் வாய்ப்பு நம்மில் பெரும்பாலோர்க்கு அரிது. 2006-இல் தொடங்கிய இந்தியச் சிம்பொனி இசைக்குழு மும்பையில் உள்ளது. 1893 முதல் இயங்கிவரும் சென்னை மியூசிக்கல் அசோசியேஷன் பாடகர் குழு ஆரட்டோரியோக்களைப் பாடும் மரபுடையது. மேலநீலிதநல்லூரில் இருப்பவருக்குக் கைப்பேசியே அரங்கம். அதன் சிறு ஒலிபெருக்கியில் டபிள் பாஸும் செல்லோவும் மறைந்துபோகும். பாஸ் குரல் வராத நாளில் ஞானப்பாட்டு எப்படியிருக்கும் என்பதை எண்ணிக்கொள்க. காதொலிக் கருவியை இட்டுக் கேட்கலாம். அல்லது ஆராதனை இல்லாத ஒரு மாலையில் ஆலயத்தின் ஒலிபெருக்கிப் பெட்டியோடு இணைத்து, பாடகர் குழுவையும் உடன் அமர்த்திக் கேட்கலாம். சீர்திருத்தச் சிம்பொனி முழுவதற்கும் அரைமணி நேரமே ஆகும். பகுதிகளுக்கு இடையில் கைதட்டுவதில்லை என்னும் மேனாட்டு அரங்க வழக்கத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இடையில் எவரும் எழுந்து ஜெபம் செய்யாமல் பார்த்துக்கொண்டால் போதும்.